அழுதால் மருந்து வேலை செய்யாதா?

சிங்கப்பூர் ஈசூனில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 44, பாலர் பள்ளி ஆசிரியை. இடது மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒன்றாக இரண்டு கீமோ ஆகியிருக்கிறது. இன்னும் இரண்டு, அதன்பின் வாராவாரம் வேறு மருந்து, அப்புறம் ரேடியேஷன். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. மகன் உயர்நிலை மூன்று, மகளுக்கு இந்த ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), வீட்டில் மாமியார். "பார்க்கிறவர்கள் எல்லாரும் பாசிட்டிவாக இரு என்கிறார்கள். என்னால் முடியவில்லை அக்கா. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன். இப்படி அழுதால் மருந்து வேலை செய்யாமல் போய்விடுமா? உதவி கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. மற்றவர்கள் எப்படித்தான் சமாளிக்கிறார்கள்?" கூடவே தீபாவளிக்குத் தேக்கா கடைத்தெருவுக்குப் போகலாமா என்றும் ஒரு கேள்வி.

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: போகாது. நீங்கள் அழுதாலும் சிரித்தாலும், அந்தச் சிவப்பு மருந்து தன் வேலையைச் செய்யும். நரம்பில் ஏறுகிற டாக்ஸோரூபிசினுக்கு உங்கள் மனநிலை தெரியாது.

நான் கீமோ வார்டில் பல ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது நோயாளிகளுக்குத் துணையாகப் போய் உட்காருகிற தொண்டூழியம் செய்கிறேன். வார்டில் இருந்த காலத்தில் ‘தைரியமா இருங்க, மனசுதான் பாதி மருந்து’ என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்பாகத்தான் சொன்னேன். ஆனால் அது சரியில்லை என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு நோயாளி. அவர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மனநிலைக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பு உண்டா என்பதை ஆராய்ச்சியாளர்கள் உண்மையாகவே தேடிப் பார்த்திருக்கிறார்கள். 1989இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோய் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்கள். அவர்களில் வாராவாரம் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்றது அந்த ஆய்வு. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ‘மனம் நோயை வெல்லும்’ என்ற பேச்சுக்குப் பெரிய பலம் அதில் இருந்துதான் வந்தது. பிறகு கனடாவில் 235 பெண்களை வைத்து அதேபோல் செய்து பார்த்தார்கள். 2001இல் வந்த முடிவு: ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே மறுபடி செய்து 2007இல் வெளியிட்டபோதும் மொத்தத்தில் ஆயுள் கூடியதாகக் காட்ட முடியவில்லை. அதே ஆண்டு, தலை கழுத்துப் புற்றுநோய் உள்ள 1,093 பேரின் மனநிலையைக் கணக்கெடுத்த இன்னோர் ஆய்வும் வந்தது. உற்சாகமாக இருந்தவர்கள், சோர்ந்திருந்தவர்கள் இரு பக்கத்துக்கும் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை.

இதைக் கேட்டுச் சிலர் மனம் உடைவார்கள். எனக்கோ இது பெரிய நிம்மதி. உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன். குளியலறையில் நீங்கள் விடும் கண்ணீர் உங்கள் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு வரும் கெட்ட நினைப்பு எதையும் கெடுத்துவிடாது.

ஆனால் அந்தக் கனடா ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. குழுவாகக் கூடிப் பேசிய பெண்களுக்கு மனவேதனை குறைந்தது, வலியின் கடுமையும் குறைவாகத் தெரிந்தது. அதிலும் ஆரம்பத்தில் ரொம்பத் தவித்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். 2006இல் வேறோர் ஆய்வு. அமெரிக்கத் தாதியரின் உடல்நலத்தைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வின் ஒரு பகுதி அது. மார்பகப் புற்றுநோய் வந்த 2,835 தாதியரில், உறவு நட்பு இல்லாமல் தனித்திருந்தவர்களுக்கு இறப்பு விகிதம் தெளிவாகவே கூடுதலாக இருந்தது. காரணம் என்னவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தது மந்திரம் எதுவும் இல்லை. கவனித்துக்கொள்ள ஆள் இல்லாததுதான். மருத்துவமனைக்கு அழைத்துப்போக, மாத்திரையை நினைவூட்ட, ‘உடம்பு சுடுதே, கிளம்பு’ என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

ஆக, நீங்கள் சிரித்த முகமாக இருப்பது முக்கியம் இல்லை. உங்களைச் சுற்றி ஆள் இருப்பது முக்கியம். பாசிட்டிவாக இருக்க வேண்டிய பொறுப்பை உங்கள் தலையில் இருந்து இறக்கி, சுற்றியுள்ளவர்கள் கையில் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக் கொடுங்கள். மனம் தெளிவது அதற்குப் பின்னால், தானாக, கொஞ்சம் கொஞ்சமாக வரும். வராத நாளும் இருக்கும்.

இப்போது அந்த நோயாளி. தோ பாயோவில் இருந்து வருவார். ஒவ்வொரு முறையும் எங்கள் எல்லாருக்கும் வீட்டில் சுட்ட முறுக்கு கொண்டுவருவார். பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஆறுதல் சொல்வார். புதிதாக வருகிறவர்களிடம் ‘அந்த அம்மாவைப் பாருங்கள், எப்படி இருக்கிறார்’ என்று நாங்கள் கைகாட்டுவோம். வாராந்தர மருந்தில், அதாவது பாக்லிடாக்செல்லில், பத்தாவது வாரம் என்று நினைவு. ஊசி போட நான் கையைப் பிடித்தபோது அவர் சேலை முந்தானை குத்தப்படாமல் சரிந்து கிடந்தது. பின் குத்த விரல் பிடிக்கவில்லை என்றார். எத்தனை நாளாக என்றேன். ஐந்து வாரமாக விரல் நுனி மரத்துப்போய் இருக்கிறதாம், சட்டைப் பித்தானைக் கணவர்தான் போட்டுவிடுகிறாராம். ஒவ்வொரு வாரமும் நாங்கள் கேட்டிருக்கிறோம், அவர் ‘ஒன்றும் இல்லை, நல்லாயிருக்கேன்’ என்றிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, ‘நீங்கள் எல்லாரும் என்னைத்தானே காட்டிச் சொல்கிறீர்கள், நானே புலம்பினால் எப்படி’ என்றார்.

அந்த மரப்பு அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. நேரத்தில் சொன்னால் மருத்துவர் அளவைக் குறைப்பார், இடைவெளி விடுவார், மாற்றுவார். விட்டுவிட்டால் சிலருக்கு நீண்ட காலம் தங்கிவிடும். அவருக்கும் தங்கியது. எங்கள் பாராட்டுதான் அவர் வாயை அடைத்தது. அதற்கப்புறம் நான் யாரையும் ‘தைரியசாலி’ என்று புகழ்வதை விட்டுவிட்டேன். உங்களுக்கும் அந்த வாராந்தர மருந்து வரப்போகிறது என்பதால் சொல்கிறேன்: விரல் நுனியிலோ பாதத்திலோ ஊசி குத்துவது போலவோ மரத்தோ இருந்தால், அந்த வாரமே சொல்லிவிடுங்கள். நல்ல பெயர் வாங்கும் இடம் அது இல்லை.

சரி, உதவி கேட்கும் விஷயத்துக்கு வருவோம். ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்லு’ என்று உங்களிடம் இருபது பேராவது சொல்லியிருப்பார்கள். நீங்கள் ஒருவரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த வாக்கியத்தில் குறை இருக்கிறது. யோசிக்கும் வேலையைத் திரும்ப நோயாளியிடமே தள்ளிவிடுகிறது அது. என்ன வேண்டும், யாரிடம் கேட்பது, எந்த நாள் கேட்பது, எல்லாம் நீங்களே முடிவு செய்ய வேண்டும். கீமோவுக்குப் பின் மூளையே பஞ்சடைத்த மாதிரி இருக்கும்போது அது நடக்கிற காரியமா?

எளிய வழி ஒன்று இருக்கிறது. 21 நாள் சுழற்சியை ஒரு தாளில் எழுதுங்கள். உங்களுக்கு இரண்டு முறை அனுபவம் ஆகிவிட்டதால், எந்த நாள் எப்படி இருக்கும் என்பது இப்போது ஓரளவு தெரியும். முதல் நாள் மருத்துவமனை. அன்றும் அடுத்த இரண்டு நாளும் வாந்தி வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும், ஒரு பொய்யான சுறுசுறுப்பைக் கொடுக்கும். பலர் அந்த இரண்டு நாளில் வீட்டைத் துடைப்பார்கள், அலமாரியை அடுக்குவார்கள். மாத்திரை நின்றதும், நான்காம் ஐந்தாம் நாள், திடீரென்று கீழே விழுவது போல் இருக்கும். அழுகை வரும், காரணமே இருக்காது. நீங்கள் குளியலறையில் தண்ணீர் திறந்துவிட்டு அழுத நாள்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த நாள்களாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். மனம் பலவீனமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர், இது மாத்திரை இறங்குகிற வேலை என்று தெரிந்ததும் பாதி லேசானார்கள். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையால் மலச்சிக்கலும் வரும். அதுவும் மனநிலையைக் கெடுப்பதில் லேசுப்பட்டது இல்லை. வெட்கப்படாமல் மருந்து கேளுங்கள்.

ஆகவே மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை ஒரு ஆள் வீட்டில் இருக்க வேண்டும். சமைக்க, உடன் இருக்க. பேச வேண்டியதில்லை, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஏழாம் நாளில் இருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு குறையும் நேரம். சளி இருமலோடு யாரும் வரக்கூடாது, உங்கள் பிள்ளைகளின் நண்பர்கள் உட்பட. அந்த வாரத்தில் வீட்டுக்கு வெளியே உள்ள வேலைகளைப் பிறரிடம் கொடுங்கள்: சந்தை, மருந்தகம், மகளை டியூஷனில் விட்டு அழைத்துவருவது. வெப்பமானி படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 38 டிகிரி தொட்டால் நள்ளிரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மருத்துவமனை கொடுத்த கீமோ அட்டையைக் காட்ட வேண்டும். ‘பனடால் போட்டுக் காலையில் பார்க்கலாம்’ என்பது மட்டும் கூடாது. அந்த இரவில் யார் வண்டி எடுப்பார், யார் பிள்ளைகளோடு இருப்பார் என்பதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள். கணவருக்கு இரவு ஷிஃப்ட் என்றால் இது இன்னும் அவசியம். மூன்றாவது வாரம் உங்கள் வாரம். அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தாளை எழுதி முடித்ததும் அதை நீங்கள் அனுப்ப வேண்டாம். ஒருவரைப் பிடியுங்கள், கறாரான ஆளாக இருந்தால் நல்லது. நாத்தனாரைப் பற்றி எழுதியிருந்தீர்களே, ‘வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் நல்லவள்’ என்று, அவரேதான். வாட்ஸ்அப் குழு அவர் நடத்தட்டும். புதன்கிழமை யார் சாப்பாடு, வெள்ளிக்கிழமை யார் துணை என்று அவரே ஒதுக்கட்டும். ரிசல்ட் என்ன ஆச்சு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டு வருகிற எல்லா அழைப்புக்கும் அவரே பதில் சொல்லட்டும். ஒரே செய்தியை முப்பது பேருக்கு முப்பது முறை சொல்லி, அவர்கள் அழுவதையும் நீங்களே தேற்றுவது இருக்கிறதே, கீமோவைவிடக் களைப்பு. கூச்சமாக இருக்கிறது என்றீர்கள். உங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாருக்காவது இப்படி வந்து, ‘செவ்வாய்க்கிழமை என் மகளை மட்டும் பள்ளியில் இருந்து அழைத்துவர முடியுமா’ என்று கேட்டால் நீங்கள் சலித்துக்கொள்வீர்களா? அவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போலத்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று தெரியாமல் பழத்தை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

பழம் என்றதும் உறவினர் வருகை நினைவுக்கு வருகிறது. நம் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வரும்போது, தங்களுக்குத் தெரிந்த புற்றுநோய்ச் சாவுகள் அத்தனையையும் வரிசையாகச் சொல்வார்கள். என்ன ஜென்ம ஆசையோ தெரியாது. அதோடு ஆளுக்கொரு பத்தியம். முட்டை வேண்டாம், கோழி வேண்டாம், சீனி தொட்டால் கட்டி வளரும். உங்கள் மாமியாரும் முட்டையை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அவரோடு சண்டை போட வேண்டாம். அடுத்த முறை மருத்துவமனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், உணவியல் நிபுணரின் வாயாலேயே கேட்கவையுங்கள். கீமோவின்போது உடம்புக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். நன்றாக வெந்த முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் எல்லாம் சாப்பிடலாம். காப்பியில் போடும் சீனியால் கட்டி வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாய்ப்புண் வந்தால் புளியும் காரமும் எரியும், ரசம்கூட எரியும். அப்போது மோர்சாதம், இட்லி, குழைந்த கஞ்சி. உலோக வாடை அடித்தால் எவர்சில்வர் கரண்டியை வைத்துவிட்டு மரக்கரண்டியில் சாப்பிட்டுப் பாருங்கள்.

நாட்டு மருந்து விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவள். ஊரில் இருந்து யாரோ கொடுத்துவிட்ட பொடி, கஷாயம் எதுவானாலும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இயற்கையானதுதானே என்பார்கள். நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்று கொரோனா காலத்தில் சீந்தில் கொடி குடித்துச் சிலருக்கு ஈரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள். கீமோ மருந்துகள் பலவற்றைக் கழிப்பதே ஈரல்தான். இதில் மரியாதைக்குக் குடித்தேன் என்ற பேச்சே கூடாது.

‘டென்ஷன் அதிகம் எடுத்துக்கொண்டாய், அதான் வந்தது’ என்று யாரோ சொன்னார்களாம். மன அழுத்தத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. சிங்கப்பூரில் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோயே இதுதான், வாழ்நாளில் ஏறக்குறைய 13 பெண்களில் ஒருவருக்கு வருகிறது. இத்தனை பேரும் டென்ஷன் பட்டா வரவழைத்துக்கொண்டார்கள்? நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை. மறுபடி யாராவது சொன்னால், ‘டாக்டர் அப்படிச் சொல்லவில்லையே’ என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போடச் சொல்லுங்கள்.

கணவரைப் பற்றி எழுதியது: ‘ஒன்றுமே பேசமாட்டேன் என்கிறார், கல் மாதிரி இருக்கிறார்.’ கீமோ வார்டுக்கு வெளியே, தானியங்கி இயந்திரத்துக்குப் பக்கத்தில், காப்பி டின்னைத் திறக்காமலே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற கணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் ஆண்களுக்குப் பயத்தைச் சொல்ல வார்த்தை கற்றுக்கொடுக்கப்படவில்லை. ‘என்னோடு பேசுங்கள்’ என்றால் இன்னும் இறுகிப்போவார்கள். வேலை கொடுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி எடுத்துவருவது, மாத்திரைப் பெட்டியை வாரத்துக்கு நிரப்புவது, அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கைக்கு உடற்பயிற்சி செய்யும்போது எண்ணிக்கை சொல்வது. எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் தானாகப் பேசினார் என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். பிஎஸ்எல்இ முடியட்டும் என்று மகளிடம் மறைக்கிறீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்று எப்போதோ தெரிந்திருக்கும். தெரியாததை அவள் கற்பனையில் நிரப்பிக்கொண்டிருப்பாள், அது உண்மையைவிடக் கொடுமையாக இருக்கும். நோயின் பெயரைச் சொல்லுங்கள், மருந்து நடக்கிறது என்று சொல்லுங்கள், தொற்றாது, அவளால் வந்தது இல்லை என்று சொல்லுங்கள். ‘செத்துப்போவியா அம்மா’ என்று கேட்டால், ‘டாக்டர்கள் குணமாக்கத்தான் மருந்து கொடுக்கிறார்கள், ஏதாவது மாறினால் உன்னிடம் மறைக்க மாட்டேன்’ என்று சொல்லலாம். பள்ளி ஆலோசகருக்கும் வகுப்பாசிரியருக்கும் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.

முடி. இதற்குள் கொட்டியிருக்கும். பெரும்பாலும் முதல் கீமோவுக்கு இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கிவிடும். மார்பை இழந்தபோது அழாத பெண்கள் தலையணையில் முடியைப் பார்த்து அழுவார்கள், அதில் தப்பே இல்லை. மார்பு மறைந்திருப்பது, முடி ஊருக்கே தெரிவது. நம் சமூகத்தில் ஒரு சௌகரியம் உண்டு, மொட்டைத் தலையைப் பார்த்தால் ‘எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். லிஃப்டில் அப்படிக் கேட்ட ஒரு பாட்டியிடம் ‘சமயபுரம்’ என்று சொல்லித் தப்பித்த பெண் எனக்குத் தெரியும். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் இஷ்டம். விக் வேண்டும் என்றால் விலை கொடுத்து வாங்கும் முன் மார்பகப் புற்றுநோய் அறநிறுவனத்தைக் கேளுங்கள், அவர்கள் விக் இரவல் கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறார்கள். இந்த வெயிலுக்கு விக் வேர்த்துக் கொட்டும், பருத்தித் துணிதான் வசதி என்று பாதிப்பேர் சொல்வார்கள்.

அந்த அறநிறுவனம் 1997இல் தொடங்கியது. அதைவிட மூத்தது சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம், 1964இல் இருந்து இருக்கிறது. கே கே மகளிர் சிறுவர் மருத்துவமனையில் ஆல்பைன் பிளாசம்ஸ் என்ற ஆதரவுக்குழு உண்டு. இந்தக் குழுக்களில் கிடைப்பது உறவினர்கள் தர முடியாத ஒன்று. அண்ணி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நாக்கில் ஒட்டியிருக்கும் அந்த உலோகச் சுவை அவருக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்குத் தெரியும். மூன்று ஆண்டுக்கு முன் இதே மருந்தை வாங்கியவர் முடி வளர்ந்து, வேலைக்குப் போய்க்கொண்டு, எதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பார்ப்பது நூறு ‘பாசிட்டிவாக இரு’வுக்குச் சமம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேளுங்கள், பார்த்துத் தருவார்கள். குழு எல்லாருக்கும் ஒத்துவராது. மற்றவர் கதையைக் கேட்டுப் பயம் கூடுகிறது என்றால் விட்டுவிடுங்கள், ஒருவரோடு ஒருவர் பேசும் ஏற்பாட்டைக் கேளுங்கள்.

குழுக்களில் எனக்குப் பிடித்தது படகுதான். முன்பெல்லாம் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்த பெண்கள் அந்தப் பக்கத்துக் கையைப் பலமாக அசைக்கவே கூடாது, வீங்கிவிடும் என்று சொல்வோம். கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் அது உண்மைதானா என்று சோதிக்க, 1996இல் மார்பகப் புற்றுநோயில் இருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் ஏற்றித் துடுப்பு போடவைத்தார். முறையாகப் பழகினார்கள், யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. அங்கிருந்து அது உலகம் முழுக்கப் பரவியது. சிங்கப்பூரிலும் அறநிறுவனத்தின் கீழ் அப்படி ஒரு படகுக்குழு இருக்கிறது. நம் தமிழ்ப் பெண்கள் ‘எனக்கு நீச்சல் தெரியாது, வெயிலில் கறுத்துவிடுவேன்’ என்று இரண்டு காரணமும் சேர்த்துச் சொல்வார்கள். சிகிச்சை முடிந்து, மருத்துவர் சரி என்ற பிறகு ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். அதுவரைக்கும் தினமும் புளோக்கைச் சுற்றி இருபது நிமிடம் நடங்கள். கீமோ களைப்புக்கு ஓய்வைவிட நடை நல்லது என்பது நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது அதைத்தான்.

பணம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எழுதாததே எனக்குச் சந்தேகம். பலருக்கு இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது நோயைவிட பில்தான். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு போக மீதி கட்ட முடியவில்லை என்றால் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொன்னால் போதும், மெடிஃபண்ட் என்ற அரசாங்க உதவி நிதி போன்றவற்றுக்கு அவர் வழி காட்டுவார். கடன் சேர்ந்த பிறகு போகாதீர்கள், இப்போதே போங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். அழுகை வேறு, மன அழுத்த நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, ஸ்டீராய்டு இல்லாத நாளிலும் தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, அடுத்த கீமோவுக்கே போக வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. புற்றுநோய் மருத்துவரிடமே சொல்லுங்கள், இதற்கென்றே மனநல நிபுணர்கள் இருக்கிறார்கள். ‘பைத்தியத்துக்கு மருந்தா’ என்று வீட்டில் யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் பின்னால் உங்களுக்குக் கொடுக்கக்கூடிய டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையோடு ஒத்துப்போகாது, அதனால் இரு மருத்துவர்களுக்கும் ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரிய வேண்டும். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லி வைக்கிறேன், அப்போது அதிர்ச்சியாக இருக்கக்கூடாது. ரேடியேஷனின் கடைசி நாள் எல்லாரும் வாழ்த்துவார்கள், கேக் வெட்டுவார்கள். அடுத்த வாரம் நீங்கள் சோபாவில் உட்கார்ந்து தேம்பி அழுவீர்கள். ஏன் என்று யாருக்கும் புரியாது. மாதக்கணக்கில் ஓட்டம், கவனிக்க ஒரு படை, திடீரென்று எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நீங்கள் மட்டும் ஒவ்வொரு முதுகுவலிக்கும் பயந்துகொண்டு இருப்பீர்கள். ஆகவே நாத்தனாரின் வாட்ஸ்அப் குழுவைக் கடைசி ரேடியேஷன் அன்று கலைக்க வேண்டாம். அதன்பின் மூன்று மாதமாவது ஓடட்டும்.

தீபாவளிக்கு வருவோம். நீங்கள் கொடுத்த தேதிப்படி அது மூன்றாவது சுழற்சியின் 18ஆம் நாள். ரத்த அணுக்கள் ஏறக்குறையத் திரும்பியிருக்கும் நேரம். காய்ச்சல் இல்லை, ரத்தப் பரிசோதனையில் மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் முந்தின நாள் இரவு சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் இடிபட வேண்டாம், முகக்கவசம் போட்டாலும் வேண்டாம். இரண்டு நாளுக்கு முன்பு காலை ஒன்பது மணி வாக்கில் போனால் பூக்கடையில் நின்று பேசவே இடம் இருக்கும். அறுவை சிகிச்சை ஆகாத வலது கையில் பையைத் தூக்குங்கள். முறுக்கு பிழிவதை இந்த ஆண்டு மாமியாரிடம் விட்டுவிடுங்கள், மாவில் முட்டை இல்லாததால் அவருக்கும் ஆட்சேபம் இருக்காது.